அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டுச் சம்மதம்

என் கொழுந்தன் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்வதெல்லாம் அவனைத் திட்டுவதுபோல இருக்கும். திட்டத்தான் போகிறேன். ஆனால் அவனோடு நிறுத்தமாட்டேன்.

என் மாமனாருக்குப் பிள்ளைகள் நாலு பேர். மூத்தவர் என் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அடுத்தவள் என் நாத்தனார். அவரையும் முந்திக்கொண்டு போனவள். மூன்றாமவர் கப்பல் வேலைக்குப் போன இடத்திலேயே பெண் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு இருமுவார். கடைக்குட்டி இவன். நான் கல்யாணமாகி வந்தபோது இவனுக்கு ஏழு வயது. புதுச்சேலை கசங்காமல் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "அண்ணி, ரேடியோ கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டான். கொண்டு வந்திருந்தேன். மூன்றாம் நாள் அது நாற்பது துண்டாகக் கிடந்தது. அன்றைக்கு எடுத்த வயரை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை. முதலில் தொலைபேசிக் கம்பி, பிறகு டிவி கேபிள், இப்போது இன்டர்நெட். காலம் போகப் போக வயர் மெலிந்துகொண்டே வந்தது, இவன் தொப்பைதான் தடித்தது. தெருவில் எல்லோருக்கும் அவன் 'வயர் அண்ணன்'. எங்கள் சொந்தத்தில் சின்னவர்கள் எல்லோருக்கும் 'வயர் மாமா'.

வேலை என்று வந்தால் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. சுவரில் துளை போடும்போது ஒரு காகிதக் கோப்பையை அடியில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் டிரில்லை ஓட்டுவான். சிமெண்டுத் தூள் ஒரு சிட்டிகை தரையில் விழாது. வயரை வாசலுக்குக் குறுக்கே விடமாட்டான். நிலையின் ஓரமாகவே வளைத்து, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாதபடி கொண்டுபோவான். இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை அந்த வீட்டைவிட்டு நகரமாட்டான். "வந்த சுவடு தெரியக்கூடாது அண்ணி, அதான் நல்ல வேலை" என்பான். 

அந்த விளக்கு பச்சையாவதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கியிருக்கும். இணைப்புக் கொடுக்கும் கம்பெனியின் ஆப்பில் முப்பத்தோரு பக்கம் எழுத்து வரும். கடைசியில் 'படித்தேன், ஒத்துக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துத் தன் கையால் அமுக்கவேண்டும், அதுதான் விதி. எந்த வீட்டுக்காரர் படிப்பார்? ஒருத்தி பால் பொங்குகிறது என்று ஓடுவாள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார், கண்ணாடி அவர் தலைமேலேயே இருக்கும். இவனுக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும்.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா, இதை நான் அமுக்கிவிட்டுடறேன்" என்பான்.

அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதிப்படாத வீடு இல்லை. தூள் விழாமல் பார்த்துக்கொள்வதும் இதுவும் அவனுக்கு ஒரே வகை உபகாரம்தான். கட்டைவிரலால் ஒரே இழுப்பு, கடைசிப் பக்கம், ஒத்துக்கொள்கிறேன், விளக்கு பச்சை. என் வீட்டிலும் அப்படித்தான் அமுக்கினான். "என்னடா அது?" என்றேன். "ஒண்ணுமில்ல அண்ணி, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றான். எல்லோருக்கும் உள்ளது என்றால் நமக்கென்ன என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

என் நாத்தனாருக்கு ஒரே மகள். ஒல்லியாக இருப்பாள், பேச்சு குத்தும், தொழிலும் தையல். மூன்றுக்கும் சேர்த்து 'ஊசி' என்று பெயர் வைத்துவிட்டோம். அவளை ஒரு டயர் கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல கடை, நல்ல வீடு, சிரித்த முகம். அந்தச் சிரிப்பு வாசற்படிவரைதான். உள்ளே வந்தால் கை நீளும். ஊசி மூன்று தடவை பிறந்த வீட்டுப் பக்கம் ஓடிவந்தாள். மூன்று தடவையும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அவன் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்க, அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்று தள்ளி நின்று சொல்கிறேன் பாருங்கள்! இரண்டாவது தடவை அவள் பெட்டியைக் கட்டிக்கொடுத்ததே நான்தான். "குழந்தைக்காகப் பொறுத்துக்கோடி" என்று சொன்னதும் இந்த வாய்தான்.

நாலாவது தடவை அவள் எங்கள் யாரிடமும் வரவில்லை. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, தாய்மாமன் எந்தத் தெருவில் வேலை செய்கிறான் என்று விசாரித்து, அவன் ஏறியிருந்த ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

"மாமா, இறங்கு."

"இரும்மா, ஒரு கிளிப்தான் பாக்கி…"

"இறங்குன்னு சொல்றேன்ல."

இறங்கினான். அவள் கழுத்தில் விரல் பதிந்திருந்ததைப் பார்த்தான். அன்றைக்கே ஊருக்கு மறுகோடியில், ஒரு இஸ்திரிக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையைப் பிடித்தான். அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு கதவு, வெளிப்பக்கமாக இரும்புப் படி. உள்தாழ்ப்பாள் சரியில்லையென்று இரண்டு புதுத் தாழ்ப்பாள் வாங்கி அவனே பூட்டிக்கொடுத்தான். அவளுடைய பழைய போன் நம்பரைத் தூக்கிப் போட்டு, புது நம்பர். குழந்தைக்கு வேறு பள்ளிக்கூடம். அந்த அறை எங்கே என்று அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். டயர் கடைக்காரன் என் கொழுந்தன் வீட்டு வாசலில் வந்து கத்தினான், என் வீட்டு வாசலில் வந்து அழுதான். வாயைத் திறக்கவில்லை இரண்டு பேரும்.

ஊசி அங்கே தையல் மிஷினைப் போட்டாள். துணி அளவு, கை அளவு எல்லாம் போனில் படமாக வரும், தைத்துக் கொடுத்தனுப்புவாள். குழந்தைக்கும் பாடம் போனில்தான் அனுப்புகிறார்கள். ஆகவே இன்டர்நெட் வேண்டுமென்று மாமனைக் கேட்டாள். அவன் யோசித்தான். யோசிக்கத் தெரியாதவன் இல்லை, அதுதான் கொடுமை.

"உன் பேர்ல வேண்டாம். என் பேர்ல, என் நம்பர்ல போட்டுடறேன். உன் பேரு எங்கயும் வராது" என்றான்.

காகிதக் கோப்பையை ஒட்டினான், துளை போட்டான், வயரை ஜன்னல் ஓரமாக இறக்கினான். முப்பத்தோரு பக்கம் வந்தது. ஊசி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா எழுதியிருக்கு அதுல?"

"எல்லாம் வழக்கமா உள்ளதுதான்."

"வழக்கம்னா என்ன?"

"ஏண்டி, வக்கீலுக்குப் படிக்கப்போறியா? குழந்தைக்கு விளக்கு எரிஞ்சாப் போதும்ல?"

ஒரே இழுப்பு. விளக்கு பச்சையானது. குழந்தை கை தட்டியது.

பத்தாம் நாள், வெயில் உச்சியில் இருந்த நேரம், என் கொழுந்தன் ஒரு பல் மருத்துவர் வீட்டுச் சுவரில் நின்றிருந்தான். சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தால் கம்பெனி ஆப். சிவப்பும் மஞ்சளுமாய் பலூன் பறக்கிறது. 'உங்கள் புது வீட்டு இணைப்புக்கு உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்!' தினம் பத்துத் தடவை இப்படி ஏதாவது பறக்கவிடுவார்கள். என்ன வாழ்த்து, யார் வாழ்த்து என்று பார்க்கவில்லை. பலூனைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நாலு மணிக்கு டயர் கடைக்காரன் அந்த இரும்புப் படியில் ஏறினான்.

தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தது. நடந்ததை முழுக்க எழுத எனக்கு மனமில்லை. துணி வெட்டும் மேஜைக்குக் கீழே குழந்தை புகுந்துகொண்டது. ஊசியின் வலது மணிக்கட்டை அவன் மிஷின் பலகையில் வைத்து மிதித்தான். இரண்டு இடத்தில் எலும்பு போனது. கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா சத்தம் கேட்டு, கையிலிருந்த பெட்டியைக்கூட வைக்காமல் படியேறினாள். கனல் பறக்கிற பெட்டியோடு ஒரு பெண்பிள்ளை கதவில் வந்து நின்றதும் அந்த வீரன் அவளைத் தள்ளிவிட்டு ஓடினான். அந்த அம்மா மட்டும் இல்லையென்றால் நான் இன்றைக்கு வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

இரண்டு நாளில் போலீஸ் பிடித்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு அவன் கொஞ்சமும் கூசவில்லை.

"நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? கம்பெனியே சொல்லுச்சு. வாழ்த்துச் சொல்லுங்கன்னு கேட்டுச்சு, சொன்னேன்."

போனை வாங்கிப் பார்த்தார்கள். அவனும் அதே கம்பெனியில்தான் இணைப்பு வைத்திருந்தான். அவன் போனில் என் கொழுந்தன் நம்பர் 'வயர் மாமா' என்று இருந்தது, மருமகன் அல்லவா. ஆப் அதைத் தோண்டிப் பார்த்திருக்கிறது. 'உங்களுக்குத் தெரிந்த வயர் மாமா புது முகவரியில் இணைப்புப் பெற்றிருக்கிறார். வாழ்த்துச் சொல்லுங்கள்!' கீழே தெரு, கதவு எண், மாடி. பக்கத்தில் வரைபடம், அதில் ஒரு பலூன். சொந்த வீடும் அதில் இணைப்பும் இருக்கிற வயர் மாமாவுக்கு ஊர்க்கோடியில் இன்னொரு வீடு எதற்கு? டயர் விற்கிறவனுக்கும் அந்தக் கணக்குத் தெரியாதா?

ஒரு வாரத்தில் அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அதாவது, ஊசி மறுபடி ஒளியவேண்டும்.

அதற்கு முன்னால், மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் என் வீட்டில் இருந்த அந்த வாரம், என் கொழுந்தன் தினமும் வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான், உள்ளே வரவா போகவா என்று தெரியாதவன்போல. நாலாம் நாள் அவள் வாயைத் திறந்தாள்.

"மாமா, அன்னைக்கு நான் கேட்டேன். என்ன எழுதியிருக்குன்னு."

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"உன் பேரு வரக்கூடாதுன்னுதான் என் பேர்ல…"

"பேரு உன்னுது. கதவு யாருது? அந்தக் கதவு நம்பரை யாருக்கு வேணா காட்டலாம்னு சம்மதம் சொல்ல நீ யாரு மாமா?"

அவன் அழுதான். ஐம்பத்தேழு வயது ஆம்பளை. எனக்குப் பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை. இரண்டையும் ஒரே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மூன்று பேரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். அழுதது போதும், போய்க் கேட்போம் என்று கிளப்பியது ஊசிதான். கண்ணாடிக் கதவு, குளிர், வாசலில் அதே பலூன் படம் சுவர் உயரத்துக்கு. மேலாளருக்கு வயது முப்பதுகூட இருக்காது. மரியாதைக்குக் குறைவில்லை. "அண்ணே, உட்காருங்கண்ணே" என்றார், "அம்மா, தண்ணி?" என்றார். நடந்ததைக் கேட்டுவிட்டு "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். உடனே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"ஆனா பாருங்க, சம்மதம் பதிவாயிருக்கு. காலைல பதினொண்ணு பதினாலுக்கு. 'என் முகவரியைத் தெரிந்தவர்களுக்குக் காட்டலாம்.' பத்தொன்பதாவது பக்கம். அண்ணன் கைதான் அமுக்கியிருக்கு. இந்த ஒரு வீடு இல்ல, அண்ணன் போட்ட அறுநூத்திப் பன்னெண்டு வீட்டுலயும் தெளிவா சம்மதம் இருக்கு. கம்பெனி பக்கம் தப்பே கிடையாது."

ஊசி குனிந்து திரையைப் பார்த்தாள்.

"முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இருக்கா இதுல?"

"இருக்கே. நாலு செகண்டு."

"மத்த வீட்டுக்கெல்லாம்?"

மேலாளர் எதையோ தட்டினார். "நாலு… மூணு… அஞ்சு… ஒரு வீட்டுல பதினொண்ணு."

"அங்க நாய் கடிக்க வந்துச்சு" என்றான் என் கொழுந்தன், மெதுவாக.

"முப்பத்தோரு பக்கத்தை நாலு செகண்டுல ஒருத்தன் படிச்சான்னு உங்க மிஷின் அறுநூத்திப் பன்னெண்டு தடவை எழுதி வச்சிருக்கு" என்றாள் ஊசி. "யாரும் படிக்கலைன்னு அதுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். படிக்காம அமுக்கணும்னுதான் முப்பத்தோரு பக்கம். எங்க மாமா ஏமாளி, ஒத்துக்கறேன். ஏமாளி அமுக்கினதைப் பொக்கிஷமா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, நீங்க யாரு?"

மேலாளர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். யாருக்கோ போன் செய்தார். மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். அந்த வாழ்த்துப் பக்கத்தை யோசித்துச் செய்தவள் அவள்தானாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி குடித்த காபி. ஊசி கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் அந்தக் காபியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்க்கா. புது வீட்டுக்குப் போனா தெரிஞ்சவங்க சந்தோஷப்படுவாங்க இல்ல? அவங்களைச் சேர்த்து வைக்கலாம்னு…"

"தெரிஞ்சவங்க எல்லாம் நல்லவங்களாம்மா?" என்று நான் கேட்டேன். அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான்.

"அப்படி ஒருத்தர் இருப்பாங்கன்னு… பேசினோம்மா. ஒரு தடவை பேச்சு வந்துச்சு. அது ரொம்பக் கம்மிப் பேரு, அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

பேசினார்களாம். தெரியாமல் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. என் நாத்தனார் மகளின் எலும்பு அவர்கள் கூட்டத்தில் பேச்சாக வந்து, 'கம்மிப் பேரு' என்று ஒதுங்கி, காபி குடிக்கப் போயிருக்கிறது.

"சரி, இப்பவாவது எடுத்துடுங்க" என்றாள் ஊசி. "எல்லா வீட்டுக்கும்."

மேலாளர் நெளிந்தார். "அது மேலிடத்து முடிவும்மா. இந்த வாழ்த்து வந்ததுலேர்ந்து ஆப்பைத் திறக்கிறவங்க ரெண்டு மடங்காயிட்டாங்க. வேணும்னா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆப்புல போய் நிறுத்திக்கலாம். வசதி இருக்கு."

"எங்க இருக்கு, காட்டுங்க."

காட்டினார். அமைப்பு, அதற்குள் கணக்கு, அதற்குள் இன்னும், அதற்குள் அனுபவம், அதற்குள் இணைந்திருங்கள், கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதை எடுத்தால் 'நிச்சயமாகவா? நண்பர்கள் வருத்தப்படுவார்கள்' என்று கேட்கிறது. பிறகு வீட்டுக்காரர் போனுக்கு ஒரு ஓடிபி எண். அவருக்கே வழி இரண்டு தடவை தப்பியது. சம்மதிக்க நாலு செகண்டு. மறுக்க, ஊசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்பது நிமிஷம்.

என் கொழுந்தன் அப்போதுதான் எழுந்தான். "சார், நான் போட்ட வீடுங்க பட்டியல் மட்டும் ஒண்ணு கொடுங்க. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"அது முடியாதுண்ணே. கஸ்டமர் முகவரி எல்லாம் தனிப்பட்ட தகவல். வெளியில தரக்கூடாது."

ஊசி சிரித்தாள். கை உடைந்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு நிற்காமல் இருமல் வந்து, அந்த மாடிப் பெண் காபியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்தாள். ஊசி அதை வாங்கவில்லை.

பட்டியல் எதற்கு அவனுக்கு? தான் போட்ட துளையை மறக்கிறவனா? மறுநாள் காலை, தெருமுனைக் கம்பத்திலிருந்து தன் வயரைப் பிடித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். எந்த நிலை ஓரமாக வயர் இறங்குகிறதோ அந்தக் கதவைத் தட்டினான். வந்த சுவடு தெரியக்கூடாது என்று மறைத்துப் போட்ட வயரையெல்லாம் அவனே தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

கதவைத் திறந்தவர்களிடம் ஒரே பேச்சுதான். "நான்தான் உங்க வீட்டுக்கு இணைப்புப் போட்டேன். உங்களைக் கேட்காம உங்களுக்காக ஒரு சம்மதம் அமுக்கிட்டேன். அதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்றேன், கேளுங்க. அப்புறம் வேணுமா வேண்டாமான்னு நீங்களே அமுக்குங்க." அப்படியே வாசலில் நின்று பத்தொன்பதாம் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பான். ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன். நீள வார்த்தை வந்தால் இரண்டாக உடைத்துப் படிப்பான்.

திட்டாத வீடு குறைவு.

"ஏன்யா, போடும்போது வாயில என்ன வச்சிருந்த?" என்றார் ஒருவர்.

"எனக்கென்னப்பா மறைக்கறதுக்கு இருக்கு? ஊருக்கே தெரிஞ்ச ஆளு நான்" என்றார் இன்னொருவர், உள்ளே போகத் திரும்பினார். அவர் மனைவி அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, "உங்களுக்கு இல்லைன்னா எனக்கு இருக்கு. எங்க அமுக்கணும் வயர் அண்ணே?" என்றாள்.

தனியாக இருக்கிற ஒரு பாட்டுச் சொல்லித்தரும் டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நாலு மாசமா வாசல்ல பூ வச்சிட்டுப் போறவனுக்கு என் வீடு எப்படித் தெரிஞ்சுதுன்னு இப்பத்தான் புரியுது" என்று சொல்லிக் கதவை அவன் முகத்தில் சாத்தினாள். ஒரு நிமிஷம் கழித்துத் திறந்து, போனை நீட்டினாள்.

இன்னொரு வீட்டில் ஒரு பெண் கதவைச் சங்கிலியோடு திறந்தாள். இவன் பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடுக்கு வழியாகப் போனைப் பிடித்த கை மட்டும் வெளியே வந்தது. வழியைச் சொல்லச் சொல்ல, அவளே அமுக்கினாள். முடிந்ததும் கதவு சாத்திக்கொண்டது. கம்மிப் பேரு என்று சொன்னார்களே, அந்தக் கம்மிப் பேரில் ஒருத்தி. என் கொழுந்தன் அதைச் சொல்லும்போது தன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

நூறு வீடு தாண்டுவதற்குள் கம்பெனிக்குத் தகவல் போய்விட்டது. வேலையில்லை என்றார்கள். அவர்கள் கொடுத்த ஏணியை, டிரில்லை, அட்டையை வாங்கிக்கொண்டார்கள். "கஸ்டமரை பயமுறுத்துறீங்க" என்று கடிதம் வேறு. 

"இப்ப என்னடா செய்யப்போற?" என்றேன்.

"படிக்கறதுக்கு ஏணி எதுக்கு அண்ணி?" என்றான்.

அஞ்சு மாதம் ஆனது. பிழைப்புக்குப் பகலில் ஒரு மின்சாமான் கடையில் உட்கார்ந்தான். கடைக்கு லீவு விட்ட நாளிலும் சாயங்காலத்திலும் வீடு வீடாக. பூட்டிக்கிடந்த வீட்டுக்கு மூன்று தடவை, நாலு தடவை போனான். காலி செய்து போனவர்களை எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரிக்க வாயெடுத்து, சட்டென்று நிறுத்திக்கொள்வானாம். அப்படி விசாரிக்கிற உரிமை தனக்குப் போய்விட்டது என்றான். அந்த வீடுகளை மட்டும் கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டான். கம்பெனிக்காரர்களோ இன்றுவரை பலூனை நிறுத்தவில்லை. வேறு ஆள் ஏறி, வேறு கட்டைவிரல் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒருத்தன் கழற்றக் கழற்ற ஊர் முழுக்கப் பூட்டிக்கொண்டே போகிறார்கள், பூட்டுகிறவர்களுக்கு மேல்மாடி, குளிர் அறை, காபி.

ஊசி இதற்குள் வேறு இடம் போய்விட்டாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. கத்திரியைப் பிடித்தால் சுண்டுவிரல் ஒத்துழைப்பதில்லை, இருந்தாலும் தைக்கிறாள். அந்த இடம் எனக்குத் தெரியும். என் கொழுந்தனுக்குத் தெரியாது.

கடைசி வீட்டையும் முடித்துவிட்டு வந்த அன்றைக்கு ஊசி என் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, அவள் கை உடைந்தபிறகு முதல்முறையாகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தான்.

"முடிச்சுட்டேன்மா."

"கேள்விப்பட்டேன்."

"உன் புது இடத்துல இன்டர்நெட் வேணும்ல? நான் வந்து…"

"போட்டாச்சு மாமா. வேற ஆளு வந்தாரு. நான் உட்கார்ந்து முப்பத்தோரு பக்கமும் படிச்சேன். ஒண்ணே முக்கால் மணி நேரம். அவரு டீ குடிக்கப் போயிட்டு வந்து, மறுபடி டீ குடிக்கப் போனாரு. ஏழு இடத்துல வேண்டாம்னு போட்டேன்."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான், என் வீட்டுச் சுவரில் அவன் அடித்த கிளிப்புகளை.

"எந்தப் பக்கம் இருக்கன்னு மட்டுமாவது…"

"சொல்லமாட்டேன் மாமா."

"கோபமா இன்னும்?"

"இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. நீ மனசார யாருக்கும் சொல்லமாட்ட, எனக்குத் தெரியும். போன தடவையும் நீ யாருக்கும் சொல்லல."

தாய்மாமனுக்கு இதைவிட என்ன அடி வேண்டும்? நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளிடம் ஒரு காலத்தில் 'பொறுத்துக்கோடி' என்று சொன்ன வாய் இது, அதனால் மூடிக்கொண்டேன்.

அவன் எழுந்தான். வாசல்வரை போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குழந்தைக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. ஷூ வாங்கிக் கொடுக்கலாம்னு இருந்தேன். அளவு தெரியாது."

ஊசி உள்ளே போனாள். தூங்குகிற குழந்தையின் காலை, தன் பையில் துணி சுற்றிக்கொண்டு வந்த பழைய செய்தித்தாளில் வைத்து, தையல் சாக்கட்டியால் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அதை மடித்துக் கொடுக்கப் போனவள், மறுபடி பிரித்தாள். தாளின் ஓரத்தில் கடைப்பெயரோ விலாசமோ ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, அவள் படித்து முடிக்கும்வரை அசையாமல் நின்றான்.

ஷூவை என்னிடம்தான் கொண்டு வந்து கொடுத்தான். நான்தான் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். சரியாக இருந்தது.